சேவல் விந்திலுள்ள நொதித் தடுப்பான்: எங்கே தவறிப் போகிறோம்?

கோழித் தீவனம் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களிடம் டிரிப்சின் தடுப்பான் (புரதம் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியை அடக்கும் பொருள்) என்றாலே முகம் சுளிப்பார்கள். வேகவைக்காத சோயாவில் இருந்துகொண்டு குஞ்சுக்குப் புரதம் செரிக்க விடாமல் செய்வது அது. கணையத்தையும் வீங்க வைக்கும். செயற்கைக் கருவூட்டலுக்கு எடுக்கும் சேவல் விந்திலும் அதே வேலை செய்யும் புரதம் உண்டு என்றதும், "அப்போ கரு கூடாததற்கு அதுதான் காரணமா?" என்று கேட்பார்கள். முதல் தவறே இதுதான். சோயாவில் இருப்பது வேறு குடும்பம், வேலை செய்யும் இடமும் குடல். சேவலிடம் இருப்பது பெரும்பாலும் கசால் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. முட்டை வெள்ளைக் கருவில் உள்ள ஓவோஇன்ஹிபிட்டர்கூட அந்தக் குடும்பம்தான். அதுவே சேவலின் விந்து திரவத்திலும், அதாவது விந்தணுக்கள் மிதக்கும் நீரிலும், இருக்கிறது.

விந்தணுவின் தலைநுனியில் அக்ரோசின் என்ற புரதம் செரிக்கும் நொதி அடைபட்டிருக்கும். மஞ்சள் கருவைச் சுற்றிய உட்படலத்தைத் துளைக்க அது வேண்டும். ஆனால் வழியிலேயே சில அணுக்கள் செத்து, நொதி வெளியே கசியும். சும்மா விட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல அணுக்களையும் அது அரித்துவிடும். அப்படிக் கசிந்ததைப் பிடித்து அடக்குவதுதான் தடுப்பானின் வேலை. அது இருப்பது குறையே இல்லை.

வேலூர் பக்கத்துப் பொய்கைச் சந்தையில் மாடு பார்த்துப் பழகியவர்கள் காளைக் கணக்கைச் சேவலுக்கும் போடுவார்கள். காளைக்கு விந்துப்பை, புராஸ்டேட் எல்லாம் உண்டு. சேவலுக்கு அவை கிடையாது. விந்து திரவம் விரையிலிருந்தும் விந்துக் குழாயிலிருந்தும் வருகிறது, அளவும் பெரும்பாலும் 1 மில்லிக்குள்தான். அதனால் இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று அழுத்திப் பிதுக்கக் கூடாது. அழுத்தினால் எச்சத்துவாரத்திலிருந்து தண்ணீர் மாதிரித் தெளிந்த திரவமும், சமயத்தில் எச்சமும் ரத்தமும் கலந்து வரும். அளவு கூடியது போலத் தெரியும், ஆனால் தடுப்பான் நீர்த்துப்போய் அழுக்கும் சேர்ந்திருக்கும். பால்போல வெளுத்துக் கெட்டியாக இருப்பதை மட்டும் எடுங்கள். பிடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்திவிட்டால் எச்சத் தொல்லை குறையும். கை பழகவில்லை என்றால் மேல்மொணவூரில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

விந்து பிடிக்கும் குழாய் ஈரமாக இருப்பது இன்னொரு ஆபத்து. போர்வெல் தண்ணீரில் அலசிவிட்டு உதறிய குழாயில் நாலு சொட்டு ஒட்டியிருந்தாலே போதும். வெறும் தண்ணீர் பட்டால் அணு ஊதி வெடிக்கும், உள்ளே இருந்த அக்ரோசின் மொத்தமாக வெளியே வரும். அவ்வளவையும் அடக்கத் தடுப்பானுக்குச் சக்தி போதாது. குழாய் காய்ந்திருக்க வேண்டும். நீர்க்கச் செய்வதென்றால் அதற்கென்று உள்ள கரைசலை மட்டும் சேருங்கள். ஆய்வகத்தில் விந்து திரவத்தையே நீக்கிவிட்டுச் சேமிப்பதும் உண்டுதான், ஆனால் அதன் இடத்தில் சரியான கரைசலை ஊற்றுகிறார்கள்.

அப்புறம் நம் ஊர் வெயில். பெட்டைகள் பெரும்பாலும் காலையில் முட்டையிடும். வயிற்றில் ஓடு கட்டிய முட்டை இருக்கும்போது கருவூட்டினால் பலன் குறையும், அதனால் மதியத்துக்கு மேல்தான் செய்ய வேண்டும். வேலூர் மே மாத மதியத்தில் அது பெரிய பாடு. சாயங்காலம் வரை பொறுங்கள். குழாயை வெயில் படாமல் வைத்து, எடுத்த அரை மணி நேரத்துக்குள் செலுத்திவிடுங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் கரு கூடவில்லை என்றால், சேவலைக் குற்றம் சொல்வதற்கு முன்பு முட்டையை உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் சின்ன, கெட்டியான, ஓரம் சீரில்லாத வெள்ளைப் புள்ளி இருந்தால் கரு கூடவில்லை. வளையம் போல அகலமாக இருந்தால் கூடியிருக்கிறது, அதற்குப் பிறகுதான் ஏதோ கெட்டிருக்கிறது. இன்னும் சந்தேகம் என்றால் அந்த உட்படலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் முறை உண்டு. அக்ரோசின் போட்ட ஓட்டைகள் அதில் தெரியும், எண்ணவும் முடியும்.