டூர் வேலையில இருந்துக்கிட்டே பிள்ளை கூட ஒட்டிக்கிட்டு இருக்கது எப்படி

ஆடிட், ட்ரெயினிங், மெடிக்கல் ரெப்னு எந்த வேலையா இருந்தாலும் சரி, மாசத்துல பாதி நாள் நாகர்கோவில், மதுரை, சென்னைன்னு சுத்துற அம்மா அப்பாவுக்குத்தான் இது. நானும் அந்த கேஸ்தான், வீடு பாளையங்கோட்டை, நான் ஊர்ல இல்லாதப்ப பையன எங்கம்மா பாத்துக்கிடுதாவ.

முதல்ல ஒண்ணு, சொல்லாம நைசா கிளம்பாதீங்க. "அழுவான்டி, டிவி பாத்துட்டு இருக்கான், அப்படியே பின்வாசல் வழியா போயிரு"ன்னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாவ. அழுதா அழட்டும். 8 மாசம் வாக்குல ஆரம்பிச்சு ஒன்றரை வயசு வரைக்கும் அம்மாவ காணலன்னா அழுறது வளர்ச்சியில ஒரு கட்டம், அநேகமா எல்லா பிள்ளைக்கும் வரும். ஆனா ஒரு தடவ சொல்லாம போயிட்டீங்கன்னா அதுக்கப்புறம் நீங்க பாத்ரூம் போனாக்கூட கதவுக்கிட்ட வந்து நிக்கும், எப்ப காணாம போவீங்கன்னு அதுக்குத் தெரியாதுல்லா. சொல்லிட்டு, ஒரு முத்தத்த குடுத்துட்டு, விறுவிறுன்னு கிளம்பிருங்க. கேட் வரை போயிட்டு மூணு தடவ திரும்பி வாரது பிள்ளைக்கும் கஷ்டம் ஒங்களுக்கும் கஷ்டம்.

"வியாழக்கிழமை வந்துருவேன்"னு சொன்னா நாலு வயசுப் பிள்ளைக்கு ஒண்ணும் புரியாது. வீட்டுல எப்படியும் ஒரு டெய்லி காலண்டர் தொங்கும், ஜவுளிக்கடையோ நகைக்கடையோ குடுத்தது, அதுல நீங்க வாரதுக்கு உள்ள தாள்ல செகப்புப் பேனாவால ஒரு ரயில் படம் போட்டு வைங்க. தினமும் காலைல தாள் கிழிக்கது பிள்ளையோட வேலை, வேற யாரும் தொடக்கூடாது. ஆச்சி ராகுகாலம் பாக்கதுக்கு முன்னாடியே கிழிச்சிருவான், அது வேற சண்டை. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், நீங்க வாரோம்னு நினைக்க நாளுக்கு மறுநாள் தாள்ல படம் போடுங்க. வேலை இழுத்துக்கிட்டா சமாளிச்சுக்கிடலாம், ஒருநாள் முன்னாடி வந்தா பிள்ளைக்கு சந்தோஷம், ஒருநாள் பிந்தினா அந்தக் காலண்டர அது அதுக்கப்புறம் நம்பாது.

போன் விஷயத்துலதான் எல்லாரும் தடுமாறுதாவ. "சாப்டியா, ஸ்கூல்ல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா "ம்", "ஒண்ணுமில்ல", அவ்வளவுதான் பதில் வரும், பிள்ளை போன ஆச்சி கையில குடுத்துட்டு ஓடிரும். நான் என்ன செய்வேன்னா சாயந்தரம் எங்கம்மாவ முதல்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லிருவேன், இன்னைக்கு வீட்டுல என்ன நடந்துச்சுன்னு. லஞ்ச் பாக்ஸ் மூடி தொலைஞ்சது, வேன்ல யாரு பக்கத்துல உக்காந்தா, தோசை பிஞ்சு போச்சுன்னு அழுதது, இப்படி சின்னச் சின்ன சங்கதி. அத வச்சுக்கிட்டு "மூடி கிடைச்சிட்டால?"ன்னு கேட்டுப் பாருங்க, பத்து நிமிஷம் பேசுவான். பேச்ச விட பிள்ளைக்கு வேண்டியது நம்ம சங்கதி அம்மாவுக்கும் தெரியுதுங்கறதுதான். ஒருநாள் பேச மாட்டேன்னா விட்டுருங்க, கெஞ்சாதீங்க. நேரத்தையும் பாத்துக்கிடுங்க, தூங்கப்போற நேரத்துல குரல் கேட்டா சில பிள்ளைக அழுதே தூக்கத்த கெடுத்துக்கிடும், அதுக்கு ராச்சாப்பாட்டுக்கு முன்னாடியே பேசிரணும்.

கைக்குழந்தைன்னா வீடியோ கால் போடலாமான்னு யோசிக்காதீங்க. 18 மாசத்துக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு ஸ்க்ரீனே வேண்டாம்னு சொல்லுத அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கமே வீடியோ கால மட்டும் விதிவிலக்கா விட்டிருக்கு. லாட்ஜ் ரூம சுத்திக் காட்டுங்க, கட்டில், ஜன்னல், வெளிய தெரியுத ரோடு, அம்மா இருக்க இடம் பிள்ளை கண்ணுக்குள்ள நிக்கட்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா ரயில் எங்க வருதுன்னு காட்டுத ஆப் போதும். நெல்லை எக்ஸ்பிரஸ்ல வாரேன்னா விடிகாலைல தாத்தாவும் பேரனும் போன வச்சுக்கிட்டு விருதுநகர் தாண்டிட்டு, சாத்தூர் தாண்டிட்டு, கோவில்பட்டி வந்துட்டுன்னு கமென்ட்ரி. வாஞ்சி மணியாச்சியில ரயில் நின்னுட்டா எனக்கே போன் வரும், "ஏன் நிக்கி?"ன்னு.

அப்புறம் இந்தத் தெருக்காரங்க. "ஒங்கம்மா ஒன்ன விட்டுட்டுப் போயிட்டாளா, பாவம்ல"ன்னு பிள்ளை மூஞ்சிக்கு நேரா சொல்லுத ஆளு எல்லாத் தெருவுலயும் உண்டு. அப்பா டூர் போனா ஒருத்தரும் கேக்க மாட்டாவ, அது வேற கத. பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லிக் குடுத்துருங்க, "அம்மா வேலைக்குப் போயிருக்கா, காலண்டர்ல ரயில் வந்தா வந்துருவா". வீட்டுல உள்ளவங்ககிட்டயும் சொல்லி வைங்க, "அம்மா வரட்டும், ஒனக்கு இருக்கு"ன்னு மிரட்டக்கூடாது, அப்படி மிரட்டினா நீங்க வாரத பிள்ளை எப்படி எதிர்பாக்கும்?

திரும்பி வந்ததும் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கிடும்னு நினைக்காதீங்க. ஆச்சி சேலைக்குப் பின்னாடி போயி நிக்கலாம், மூஞ்சத் திருப்பிக்கிடலாம், அது கோவம், ஒங்கள தேடியிருக்குன்னுதான் அர்த்தம். இழுத்துத் தூக்காதீங்க, பேக்க ஒரு ஓரமா போட்டுட்டு தார்சால, அதான் முன்பக்கத்து ஹால்ல, சும்மா உக்காருங்க, அதுவா பைய வரும். அன்னைக்கு லேப்டாப் வேண்டாம். ஆச்சி போட்ட சட்டத்த அன்னைக்கே மாத்தவும் வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் பொம்மை வாங்கிட்டு வந்தா பிள்ளை ஒங்க பேக்கத்தான் முதல்ல பாக்கும். லாட்ஜ்ல குடுக்க குட்டி சோப்பு போதும், அதுக்கே எங்க வீட்டுல ஒரு டப்பா இருக்கு.

கடைசியா ஆபீஸ். டூர் தேதிய முன்கூட்டியே வாங்கிக்கிடுங்க, ஸ்கூல் ஆண்டு விழா, பிறந்தநாள், ஆனித் தேரோட்டம் எல்லாத்தையும் நீங்களே முதல்ல சொல்லி வச்சிருங்க. நெல்லையப்பர் தேரன்னைக்கு இங்க உள்ளூர் லீவுன்னு சென்னையில இருக்க மேனேஜருக்கு எப்படித் தெரியும், சொன்னாத்தான் வேற தேதி போடுவாரு.