மதுரையில் கூட்டமான உணவகங்களில் மேசை பிடிப்பது எப்படி: முதன்முறை முன்பதிவு செய்பவர்களுக்கு

ஊரிலிருந்து வந்த உறவினர் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, மதுரையில் பெயர்பெற்ற அசைவ உணவகம் ஒன்றின் வாசலில் போய் நின்றால், அனைவருக்கும் ஒரே மேசையில் இடம் கிடைப்பது அரிது. நாளையும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஆகவே முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அசைவ உணவகங்களில் ஞாயிறு மதியம்தான் மிகக் கடினமான வேளை. பலர் கறி மீனைத் தவிர்க்கும் புரட்டாசியில் அதே உணவகங்களில் எளிதாக இடம் கிடைக்கும். சைவ உணவகங்களிலோ வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் நெரிசலாக இருக்கும்; கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்லும் பக்தர்களும் சேர்ந்துகொள்வார்கள். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம் தொடங்கி அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வரை மாசி வீதிகள், சிம்மக்கல், தல்லாகுளம் ஆகிய பகுதிகளைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் மேசை கிடைத்தாலும் அங்கே போய்ச் சேர்வது பெரும்பாடு.

அடுத்து, நீங்கள் விரும்பும் கடை முன்பதிவு ஏற்கும் கடைதானா என்று விசாரியுங்கள். பசுமலையிலுள்ள கேட்வே போன்ற நட்சத்திர விடுதிகளிலும், பெரிய ஏசி ஹால் உள்ள உணவகங்களிலும் பெயர் பதிந்து வைக்கலாம். மெஸ்களில் பெரும்பாலும் அந்த வழக்கம் இல்லை. முதலில் வருபவருக்கே முதல் இலை. அங்கே மதியம் பன்னிரண்டே காலுக்குள் சென்று, கல்லாவில் இருப்பவரிடம் “எட்டு இலை” என்று சொல்லிவிட்டு, நான்கு நான்கு பேராகப் பிரிந்து அமரச் சம்மதித்தால் விரைவில் இடம் கிடைக்கும்.

முன்பதிவு ஏற்கும் இடமென்றால் தொலைபேசியில் பேசுவதே சிறந்தது. ஸொமாட்டோ 2024-இல் தொடங்கிய டிஸ்ட்ரிக்ட், ஸ்விக்கியின் டைன்அவுட் ஆகிய செயலிச் சேவைகளில் மேசை பதிவு செய்யலாம், சில நேரம் தள்ளுபடியும் கிடைக்கும். ஆயினும் பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால், அதை ஒரு மனிதரிடம் விளக்கிச் சொல்வதற்கு ஈடாக எதுவும் இல்லை. மதியக் கூட்டம் கலைந்து, இரவுக் கூட்டம் தொடங்காத நான்கு மணி அளவில் அழைத்து மேலாளரிடம் இவ்வாறு பேசலாம்:

“சார், வர்ற சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எட்டுப் பேர் வர்றோம். ஒருத்தருக்கு எழுபத்தஞ்சு வயசு, மாடி ஏற முடியாது. கீழேயே மேசையைச் சேர்த்துப் போட்டுத் தர முடியுமா?”

அவர் சம்மதித்ததும் அவருடைய பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதமானால் எத்தனை நிமிடம் மேசையை வைத்திருப்பார்கள் என்பதையும் தவறாமல் கேளுங்கள். என் தாயாரின் பிறந்தநாளன்று செயலியில் பதிந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். சிம்மக்கல் நெரிசலில் சிக்கி இருபத்தைந்து நிமிடம் தாமதமாகச் சென்றபோது, எங்கள் மேசையில் வேறொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஒரு மணி நேரம் நாற்காலியின்றி நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து, வீட்டை விட்டுப் புறப்படும்போதே ஒருமுறை கடைக்கு அழைத்துச் சொல்லிவிடுகிறேன்.

குறிப்பிட்ட பதார்த்தத்துக்காகவே செல்கிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். அயிரை மீன் குழம்பு, மீன் வரத்தைப் பொறுத்தே கிடைக்கும். சொல்லிவைத்தால் சில கடைகளில் எடுத்துவைப்பார்கள்.

வருபவர் எண்ணிக்கை மாறினாலோ பயணம் ரத்தானாலோ, அன்று காலையிலேயே அழைத்துச் சொல்லிவிடுங்கள். அந்த மேசையை வேறொருவருக்கு ஒதுக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.