அக்காவுக்கு நாலு வரி, மூன்று மெசேஜ் காசு

புதுக்குடியிருப்பில் இருந்து லண்டனில் உள்ள அக்காவுக்கு ஒரு எஸ்எம்எஸ். அம்மாவின் காய்ச்சல் விட்டதைப் பற்றி நாலு வரிதான். மிச்சக் காசைப் பார்த்தால் மூன்று மெசேஜுக்கு வெட்டியிருந்தது.

ரீலோட் போடும் கடைத் தம்பி சிரித்தான். "தமிழில எழுதினா அப்பிடித்தான் அண்ணை." ஆங்கில எழுத்து 160 பிடிக்கும் இடத்தில் தமிழ் 70 தானாம். அதிலும் எழுத்தின் மேல் வைக்கும் குற்று, பக்கத்தில் வரும் அரவு (ா) எல்லாம் தனிக்கணக்கு. 'அம்மா' நமக்கு மூன்றெழுத்து, போனுக்கு ஐந்து. 70ஐத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெளிநாட்டுக் கட்டணம்.

சரி என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினேன். காசு மிஞ்சியது. ஆனால் அக்கா அப்படியே பதில் போட, அம்மாவால் வாசிக்க முடியவில்லை. எனக்கே பாதி விளங்கவில்லை!

பிறகுதான் சின்ன டேட்டா பக்கேஜ் போட்டு வாட்ஸ்அப்புக்கு மாறினேன். முதல் கிழமையே டேட்டா முடிந்துவிட்டது. குற்றவாளி எழுத்தல்ல, குடும்பக் குழுவில் மாமா தினமும் அனுப்பும் காலை வணக்க வீடியோக்கள். அமைப்புகளுக்குள் போய், மொபைல் டேட்டாவில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தினேன். மாமாவுக்குச் சொல்லவில்லை.

இப்போது அம்மா குரல் பதிவாகவே பேசி அனுப்புகிறார். வயல் பக்கம் சிக்னல் இல்லாவிட்டால் மெசேஜ் மணிக்கூட்டுக் குறியோடு காத்திருந்து, றோட்டுக்கு வந்ததும் தானாகப் போய்விடுகிறது. லண்டன் குளிர்காலத்தில் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் என்பதால், அம்மாவின் விடியற்காலைக் கதைகளை அக்கா எழும்பித்தான் கேட்கிறார்.