ஃபிக்ஸ் செய்தியைக் கையால் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை விளக்கம்

முதலீட்டு நிறுவனத்தின் மென்பொருள் ஒரு மொழியிலும் தரகு நிறுவனத்தின் மென்பொருள் வேறொரு மொழியிலும் எழுதப்பட்டிருந்தாலும், ஒன்று அனுப்பும் ஆர்டரை மற்றொன்று பிழையின்றிப் புரிந்துகொள்வதற்காக வகுக்கப்பட்ட திறந்த நெறிமுறைதான் ஃபிக்ஸ். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டுவந்த பங்கு ஆர்டர்களைக் கணினிவழி அனுப்புவதற்காக, 1992-இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி, சாலமன் பிரதர்ஸ் ஆகிய இரு நிறுவனங்களுக்கிடையே இது தொடங்கியது. இன்று ஃபிக்ஸ் டிரேடிங் கம்யூனிட்டி என்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. விதிகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேரடியாக ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை நிறுவி, அது தரும் வகுப்புகளைக் கொண்டு ஆர்டர் அனுப்பப் பழகுகிறார்கள். இணைப்பு அறுந்த முதல் நாளே அவர்கள் திகைத்துப்போவதையும் பார்த்திருக்கிறேன். வந்த, போன செய்திகள் பதிவாகும் லாக் ஃபைலில் உள்ள வரியைக் கண்ணால் படிக்கத் தெரிந்த பிறகு லைப்ரரிக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. பரவலாகப் புழங்கும் 4.2 பதிப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஒரு வரியைப் பிரித்துப் பாருங்கள்

மிகச் சிறிய செய்தியான ஹார்ட்பீட்டில் தொடங்குவோம். “நான் இன்னும் இணைப்பில் இருக்கிறேன்” என்பதைத் தவிர இதில் வேறு செய்தி இல்லை.

8=ஃபிக்ஸ்.4.2|9=45|35=0|49=101|56=202|34=7|52=20240105-14:30:00|10=039|

சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது டேக் எண், வலப்பக்கம் இருப்பது அதன் மதிப்பு; இரண்டும் சேர்ந்தது ஒரு புலம். 8 என்பது பதிப்பு, 9 என்பது நீளம், 35 என்பது செய்தியின் வகை. 49 அனுப்புபவரையும் 56 பெறுபவரையும் குறிக்கின்றன. நடைமுறையில் இவ்விடங்களில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பெயர்கள் இருக்கும், எளிமைக்காக எண்களை இட்டிருக்கிறேன். 34 வரிசை எண், 52 அனுப்பிய நேரம், 10 சரிபார்ப்புத் தொகை. நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படும். மேலே உள்ள 14:30 என்பது, ஜனவரி மாதமாதலால், நியூயார்க் சந்தை திறக்கும் காலை 9:30. சென்னையில் அமர்ந்து அந்த லாக் ஃபைலைப் பார்ப்பவருக்கு அப்போது இரவு 8 மணி.

புலங்களுக்கிடையே பிரிப்பானாக உள்ள செங்குத்துக் கோடு நம் கண்ணுக்காக இடப்பட்டது. உண்மையில் அங்கே இருப்பது, மதிப்பு 1 கொண்ட, திரையில் தெரியாத ஒரு கட்டுப்பாட்டு எழுத்து. இதை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

படி 2: நீளத்தையும் சரிபார்ப்புத் தொகையையும் நீங்களே கணக்கிடுங்கள்

டேக் 9-இன் புலம் முடிந்த இடத்திலிருந்து, டேக் 10 தொடங்குவதற்கு முந்தைய பிரிப்பான் வரை உள்ள எழுத்துகளை எண்ணுங்கள். 35=0 என்பது பிரிப்பானோடு சேர்த்து 5; 49-க்கு 7; 56-க்கு 7; 34-க்கு 5; 52-க்கு 21. மொத்தம் 45.

சரிபார்ப்புத் தொகைக்கு, டேக் 10-க்கு முன்னால் உள்ள ஒவ்வொரு எழுத்தின் ஆஸ்கி மதிப்பையும் (கணினியில் அந்த எழுத்தைக் குறிக்கும் எண்) பிரிப்பான்களோடு சேர்த்துக் கூட்டி, 256-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். இணைப்பில் ஃபிக்ஸ் என்பது 70, 73, 88 என்ற மதிப்புகளைக் கொண்ட மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளாகச் செல்கிறது என்பதால் முதல் புலத்தின் கூட்டுத்தொகை 543. அடுத்தடுத்த புலங்கள் முறையே 224, 214, 317, 317, 220, 1020. மொத்தம் 2855, அதில் 11 முறை 256 போக மீதி 39. மதிப்பு மூன்று இலக்கமாகவே இருக்க வேண்டும் என்பதால் 039 என்று எழுத வேண்டும். முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டு 39 என்று அனுப்புவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

இன்னொரு தவறு நானே செய்தது. லாக் ஃபைலில் இருந்து வரியை அப்படியே நகலெடுத்து, செங்குத்துக் கோடுகளை மாற்றாமல் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். கோட்டின் மதிப்பு 124; நம் செய்தியில் ஏழு பிரிப்பான்களும் 1-க்குப் பதில் 124 ஆகிவிட்டால் விடை 132 என்று வரும். எதிர்த்தரப்பு தவறாக அனுப்புகிறது என்று அரை நாள் உறுதியாக நம்பினேன்.

படி 3: ஆர்டரையும் பதிலையும் படியுங்கள்

புதிய ஆர்டரில் 35-இன் மதிப்பு டி என்ற ஆங்கில எழுத்து. அதன் உடல்பகுதியின் முக்கியமான புலங்கள்:

11=5001|21=1|55=ஐபிஎம்|54=1|38=500|40=2|44=160|

11 என்பது அனுப்புபவர் இடும் தனி அடையாள எண். 21 ஆர்டரைக் கையாளும் முறை, 55 பங்கின் குறியீடு. 54=1 என்றால் வாங்குதல், 2 என்றால் விற்றல். 38 பங்குகளின் எண்ணிக்கை; 40=2 என்பது விலை வரம்புள்ள ஆர்டர், 44 அந்த வரம்பு.

இதற்குப் பதிலாக 35=8 என்ற வகையில், ஒரே ஆர்டருக்குப் பல அறிக்கைகள் வரக்கூடும். 200 பங்குகள் 159.90-க்குக் கிடைத்தால் 39=1, 32=200, 31=159.90, 14=200, 151=300 என்று வரும்; அதாவது பகுதி நிறைவேறியது, இப்போது கிடைத்தது, அதன் விலை, இதுவரை மொத்தம், இன்னும் மீதம். எஞ்சிய 300 பங்குகள் 160-க்குக் கிடைத்தபின் 39=2, 14=500, 151=0 என்றும், சராசரி விலைக்கான டேக் 6-இல் 159.96 என்றும் வரும். உங்கள் நிரலில் 32-ஐக் கூட்டிக்கொண்டே போவதைவிட 14-ஐ நம்புங்கள். ஒரே அறிக்கை இருமுறை வந்தாலும் 14 உங்களை ஏமாற்றாது.

படி 4: வரிசை எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் கூடுதல் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 35=ஏ என்ற லாக் ஆன் செய்தியோடு இணைப்பு தொடங்குகிறது; அதில் 108=30 என்றிருந்தால், 30 விநாடிகள் எதுவும் அனுப்பாதிருக்கும் தரப்பு ஒரு ஹார்ட்பீட் அனுப்பியாக வேண்டும். இரு தரப்பும் தாம் அனுப்பியதையும் பெற்றதையும் தனித்தனியே எண்ணிவருகின்றன.

டேக் 34-இல் நீங்கள் 12-ஐ எதிர்பார்க்கும்போது 15 வந்தால் இடையில் மூன்று செய்திகள் தவறியிருக்கின்றன என்று பொருள். உடனே 35=2 என்ற வகையில், 7=12, 16=0 என்று அனுப்பி, 12 முதல் எல்லாவற்றையும் திரும்பக் கேட்க வேண்டும். திரும்ப வருபவற்றில் மறுபிரதி என்பதைக் காட்ட டேக் 43 இடப்பட்டிருக்கும். ஹார்ட்பீட் போன்றவற்றைத் திரும்ப அனுப்புவதில்லை; அவற்றின் இடத்தை 35=4 என்ற செய்தியால் நிரப்புகிறார்கள். பழைய ஆர்டர்களையும் இவ்வாறு நிரப்பித் தாண்டிவிட விதி இடம்தருகிறது, அது மிக நியாயமானது: இருபது நிமிடத்துக்கு முந்தைய விலையில் இட்ட ஆர்டர் இப்போது போய்ச் சேர்வதை யாரும் விரும்பமாட்டார்கள்.

எதிர்பார்த்ததைவிடக் குறைந்த எண், 43 இல்லாமல் வந்தால் அது கடுமையான பிழை. இணைப்பைத் துண்டிப்பதே முறை.

படி 5: சொந்தக் கணினியில் இணைத்து, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

திறந்த மூல லைப்ரரியான குவிக்ஃபிக்ஸ்-ஜேயில் பான்சாய், எக்ஸிக்யூட்டர் என்ற இரண்டு மாதிரிச் செயலிகள் உள்ளன. முன்னது ஆர்டர் அனுப்பும், பின்னது நிறைவேற்றும். இரண்டையும் இயக்கி, சில ஆர்டர்கள் அனுப்பி, லாக் ஃபைலில் மேலே கண்ட டேக் எண்களைத் தேடுங்கள். உண்மையான தரகரோடு இணைக்கும்போது 5000 முதல் 9999 வரையிலான எண்களையும் அவர்களது ஆவணத்தில் பார்ப்பீர்கள். அவை அவரவர் விருப்பப்படி வகுத்துக்கொண்டவை.

பிறகு இரண்டையும் நிறுத்தி, பான்சாய் வரிசை எண்களைச் சேமித்துள்ள கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். அது 1-இல் தொடங்கும். எதிர்த்தரப்போ பெரிய எண்ணை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். 35=5 என்ற லாக் அவுட் செய்தி வரும்; அதன் டேக் 58-இல் எந்த எண் எதிர்பார்க்கப்பட்டது, எது வந்தது என்று எழுதியிருக்கும். இரு பக்கக் கோப்புகளையும் அழித்தால் இணைப்பு உடனே சரியாகிவிடும். ஆனால் வர்த்தக நேரத்தின் நடுவே அதைச் செய்தால், அதுவரை தவறிப்போன நிறைவேற்ற அறிக்கைகளைத் திரும்பக் கேட்கும் வழியும் சேர்ந்தே அழிந்துபோகும். பிறகு எதிர்த்தரப்பைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொரு ஆர்டரையும் வாய்மொழியாகத்தான் சரிபார்க்க வேண்டியிருக்கும்.