மரத்தில் முளைக்கும் கட்டைக் காளான்: இனங்காண்பது எப்படி?

மரத்தின் பக்கவாட்டில் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டிக் காளானைப் பார்த்ததும் பலர் மேற்புற நிறத்தை வைத்தே பெயர் சொல்லிவிடுகிறார்கள். மேற்புறம் வெயிலில் வெளுக்கும், மழையில் பாசி பிடிக்கும். நம்ப வேண்டியது அடிப்புறத்தை.

கத்தி, 10 மடங்கு பெருக்கும் கை லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், காகித உறை போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

1. பறிக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன மரம், உயிரோடு இருக்கிறதா பட்டுப்போனதா, தரையிலிருந்து எவ்வளவு உயரம். இதை விட்டால் பிறகு ஊகம்தான் மிஞ்சும்.

2. திருப்பிப் பாருங்கள். இனி வரும் ஸ்கைசோஃபில்லம், கேனோடெர்மா போன்றவை காளான் பேரினங்களின் பெயர்கள். மடிப்புகள் இருந்து, ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருந்தால் ஸ்கைசோஃபில்லம். மேலே வெண்சாம்பல் நிற ரோமம் இருக்கும். மேலும் கீழும் ஒரே செம்மஞ்சளாகவும் அடியில் நுண்துளைகளாகவும் இருந்தால் பிக்னோபோரஸ். தேனடை போன்ற பெரிய அறைகள் என்றால் ஹெக்சகோனியா. மற்றவற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்று லென்ஸில் எண்ணுங்கள். கேனோடெர்மாவில் பெரும்பாலும் 4 முதல் 6.

3. வெள்ளை அடிப்புறத்தை ஊசியால் கீறுங்கள். கோடு பழுப்பாக மாறினால் கேனோடெர்மாவாக இருக்கலாம். காய்ந்த காளானில் இது பலிக்காது.

4. நடுவில் நெடுக்காக வெட்டுங்கள். பழுப்புச் சதை, மேலே கடினமான ஓடு: கேனோடெர்மா. துருநிறச் சதை, இளம் பருவத்திலிருந்தே பழுப்பான துளைப்பரப்பு: பெல்லினஸ் வகை. வெள்ளைச் சதை, மெல்லிய தோல் போன்ற உடல்: பெரும்பாலும் டிராமீட்டஸ் வகை. துளைகளுக்கு மேலே உள்ள குழாய் அடுக்குகளை எண்ணி வயது சொல்லாதீர்கள். நம் வெப்பநிலையில் அடுக்குக்கு ஓராண்டு என்ற கணக்கு உறுதியில்லை.

5. சதையில் 5% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுங்கள். பெல்லினஸ் உடனே கறுக்கும். கேனோடெர்மாவும் ஓரளவு கருமையாகும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. கையுறை கட்டாயம், தோலை அரித்துவிடும்.

6. புதிய காளானைத் துளைப்பக்கம் கீழாகப் பாதி வெள்ளை, பாதி கறுப்புக் காகிதத்தில் வைத்து, ஓர் இரவு மூடிவையுங்கள். கேனோடெர்மா கோகோ நிற வித்துப் பொடி உதிர்க்கும். டிராமீட்டஸ் பொடி வெள்ளை. மரத்திலேயே இந்தக் கோகோப் பொடி காற்றில் எழும்பிக் காளானின் மேலேயே படியும். அதைக் காளானின் நிறம் என்று எழுதிவிடாதீர்கள்.

பளபளப்பான ஓடு இருந்தால் ரெய்ஷி என்ற மருந்துக் காளான் என்று நினைத்துக் கஷாயம் வைக்க வேண்டாம். ஓடு மினுக்கும் இனங்கள் பல.

தென்னையின் அடியில் கேனோடெர்மா முளைத்திருந்தால், அது அடித்தண்டழுகல் நோய். தஞ்சாவூர் வாடல் என்பதும் இதுதான். காளான் வெளியே வரும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கும். அதனால் பக்கத்து மரங்களில் காளானைத் தேடாமல், அடித்தண்டு வெடிப்புகளில் செம்பழுப்பு நீர் வடிகிறதா என்று பாருங்கள்.