பட்டறைத் தூசிக்கு ஃபில்டர்: மைக்ரான் அப்புறம், முதலில் சிஎஃப்எம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ ஒரு மெஷின் கடையில் போய் “மரத்தூசிக்கு ஃபில்டர் வேணும்” என்று கேட்டால் முதலில் எடுத்து வைப்பது ஹெபா என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டியைத்தான். “அண்ணாச்சி, 0.3 மைக்ரான் தூசியவே 99.97 சதவீதம் புடிச்சிரும், இதுக்கு மேல என்ன வேணும்?” என்பார் கடைக்காரர். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் உங்கள் ஷெட்டில் இருக்கும் காற்று அந்த ஃபில்டர் வழியாகப் போனால்தானே அது பிடிக்கும்? நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று இழுக்கும், அதாவது எத்தனை சிஎஃப்எம் என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. அது தெரியாமல் மைக்ரானைப் பற்றி (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மட்டும் பேசிப் பிரயோஜனம் இல்லை.

எந்தத் தூசியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். இழைக்கும்போது விழும் சுருளும், ரம்பம் கொட்டும் தூளும் துடைப்பத்துக்கு உரியவை, ஃபில்டருக்கு அவற்றோடு வேலை இல்லை. உப்புத்தாள் போடும்போதும், சாண்டர் ஓட்டும்போதும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை அறுக்கும்போதும் எழும்புகிற நைஸ் பொடிதான் ஆள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது 10 மைக்ரானுக்கும் கீழே. அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து 10 மைக்ரான் துகள் தரைக்கு வரப் பத்து நிமிடம் போல ஆகும், 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளும் போதாது. காலையில் சாண்டர் ஓட்டியதை மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலும் சுவாசிக்கிறோம் என்று அர்த்தம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது, மூக்குக்குள்ளும் அதை ஒட்டிய எலும்பு அறைகளிலும் வருகிற புற்று அது. தேக்கும் தோதகத்தி என்கிற ஈட்டியும் சிலருக்கு அரிப்பையும் இளைப்பையும் தனியாகக் கொண்டுவரும். உடம்பைப் பற்றிக் கவலைப்படாத ஆசாரிகூட மெலமைன் பாலிஷ் அடித்துக் காய்வதற்குள் மேலே வந்து ஒட்டும் பொடியைப் பற்றிக் கவலைப்படத்தான் செய்வார்.

ஆனால் தொங்கவிடும் ஏர் ஃபில்டர், மெஷினுக்கு முன்னால் நிற்கிறவரைக் காப்பாற்றாது. தூசி சாண்டரிலிருந்து கிளம்பி உங்கள் மூக்கைத் தாண்டித்தான் ஃபில்டருக்குப் போக வேண்டும். அதனால் கையில் இருக்கும் காசு முதலில் தூசி பிறக்கும் இடத்துக்குப் போகட்டும். சாண்டரில் ஒரு வேக்குவம் குழாய், கட்டர் மெஷினுக்கு ஒரு டஸ்ட் கலெக்டர். வேக்குவம் வாங்கும்போது எல், எம், எச் என்று மூன்று வகுப்பு உண்டு. மரத்தூசிக்கு எம் வகுப்பு, அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளியே விடக் கூடாது என்பது விதி. எல் வகுப்பில் நூற்றில் ஒரு பங்கு வரை போகலாம். டஸ்ட் கலெக்டரில் மேலே உப்பி நிற்கும் துணிப்பையைக் கொஞ்சம் கவனியுங்கள்: 30 மைக்ரான் பை என்றால் அது கண்ணுக்குத் தெரியும் தூளை வைத்துக்கொண்டு ஆபத்தான பொடியை ஷெட் முழுக்க ஊதிவிடும் மெஷின். 1 மைக்ரான் ஃபெல்ட் பையோ மடிப்பு கார்ட்ரிட்ஜோ மாற்றுங்கள், இல்லையென்றால் கலெக்டரையே ஷெட்டுக்கு வெளியே வையுங்கள். எல்லாம் செய்த பிறகும் சாண்டிங் நேரத்தில் என்95 மாஸ்க் கழற்றக் கூடாது.

இத்தனைக்கும் தப்பி மிதக்கிறதுதான் ஏர் ஃபில்டரின் பங்கு. கணக்கு ரொம்ப எளிது. ஷெட் 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் 3000 கன அடி. மரவேலை செய்யும் இடத்தில் மொத்தக் காற்றும் மணிக்கு 6 முதல் 10 தடவை ஃபில்டர் வழியே போய் வர வேண்டும், நடுவே 8 என்று வைத்துக்கொள்வோம். 3000-ஐ 8-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 400 சிஎஃப்எம். வீட்டு ஏர் பியூரிஃபையர்களில் மணிக்கு 300 கன மீட்டர் என்று போட்டிருந்தால் அது சுமார் 175 சிஎஃப்எம்தான், அதுவும் புது ஃபில்டரோடு, வரவேற்பறைத் தூசியில். பட்டறையில் வைத்தால் பொடி அடைத்துப் பாதி பலத்துக்கு வந்துவிடும். படுக்கை அறைக்கு அருமையான சாமான், இங்கே வேண்டாம்.

ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் கணக்கும் முன்னால் ஒன்றும் இல்லாமல் திறந்த காற்றில் அளந்தது. ஃபில்டரைக் கட்டினால் குறையும். இறக்கை வைத்த எக்ஸாஸ்ட் ஃபேன் இதில் ரொம்பச் சீக்கிரம் மூச்சு வாங்கும், ப்ளோயர் வகை தாக்குப் பிடிக்கும். அதனால் 400 வேண்டும் என்றால் 600, 700 போட்டதைத் தேடுங்கள்.

இப்போது மைக்ரானுக்கு வரலாம். சதவீதத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. எடைக் கணக்கில் சொல்கிறார்களா, எண்ணிக்கைக் கணக்கில் சொல்கிறார்களா? 10 மைக்ரான் துகள் ஒன்றின் எடை 1 மைக்ரான் துகள் ஆயிரத்தின் எடைக்குச் சமம். பெரிய துகள் ஒன்றைப் பிடித்து, சின்னதில் நூறை விட்டுவிட்டாலும் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். லாரி ஏர் ஃபில்டரைக் கொண்டுவந்து ஃபேனில் கட்டுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு, மலிவு, எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். அதன் 99 சதவீதம் எடைக் கணக்கு, இன்ஜினைத் தேயாமல் காப்பதற்கு அது போதும், நுரையீரலுக்குப் போதாது. அதோடு இன்ஜின் இழுக்கும் வேகத்துக்கு இறுக்கமாகச் செய்தது, சாதாரண ஃபேனால் அதற்குள் போதுமான காற்றை இழுக்க முடியாது.

கேட்க வேண்டியது, ஃபில்டர் தரத்தைச் சொல்லும் அமெரிக்க அளவுகோலில் மெர்வ் 13, அல்லது பழைய ஐரோப்பிய முறையில் எஃப்7. ஏசி பிளான்ட் வேலை செய்கிறவர்களிடம் இரண்டு பெயரும் செல்லும். மெர்வ் 13 என்றால் 1 முதல் 3 மைக்ரான் வரை உள்ள துகள்களில் குறைந்தது 85 சதவீதம், 0.3 முதல் 1 வரை உள்ளதில் குறைந்தது பாதி, ஒரே ஓட்டத்தில் பிடிபடும். பாதிதானா என்று யோசிக்காதீர்கள், அதே காற்று மணிக்கு எட்டுத் தடவை திரும்பி வருகிறது. ஹெபா ஒரே தடவையில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பிடிக்கும், ஆனால் அதன் எதிர்ப்பைத் தள்ளப் பெரிய மோட்டார் வேண்டும், அடைத்தால் மாற்றும் செலவும் வலிக்கும். மரவேலைக்கு அது வீண் என்பது என் கட்சி. கல்லும் சிமென்ட்டும் அறுக்கிற இடத்தில், சிலிக்கா பொடிக்கு, ஹெபா கேட்பது நியாயம்.

ரெடிமேட் வாங்காமல் நீங்களே செய்யலாம், ஆசாரிக்குப் பெட்டி செய்யத் தெரியாதா என்ன. 24 அங்குலத்துக்கு 24 அங்குலம் என்பது ஏசி ஃபில்டர்களின் வழக்கமான அளவு. அந்த அளவில் பை பையாகத் தொங்கும் எஃப்7 பாக்கெட் ஃபில்டர் ஒன்று, அதற்கு முன்னால் பெரிய தூசியை நிறுத்த, கழுவக்கூடிய ஜி4 ப்ரீஃபில்டர் ஒன்று, பின்னால் ப்ளோயர். 12 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி. ஃபில்டரின் சட்டம் பெட்டியில் உட்காரும் இடத்தில் சுற்றிலும் ஃபோம் பட்டை ஒட்டி இறுக்குங்கள், காற்று எப்போதும் எளிய வழியைத்தான் பார்க்கும், கால் அங்குலச் சந்து விட்டால் விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, காற்று மெதுவாகப் போகும், எதிர்ப்பு குறையும், ஃபில்டரும் நாள்பட உழைக்கும். கையடக்கக் காற்றுமானி கிடைத்தால் ஃபில்டர் முகத்தில் நாலைந்து இடத்தில் வைத்துப் பாருங்கள்: சராசரி வினாடிக்கு அரை மீட்டர் வந்தால் இந்த அளவுக்கு 400 சிஎஃப்எம் கிடைக்கிறது.

பெட்டியை நீளமான சுவரை ஒட்டி, தலைக்கு மேலே, காற்று சுவரோடு ஓடி அறையைச் சுற்றி வருகிற மாதிரி தொங்கவிடுங்கள். சாண்டிங் மேசைக்கு நேர் மேலே வேண்டாம், தூசி முகத்தைத் தாண்டி ஏறும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஓடட்டும். எட்டு தடவைக் கணக்கில், காற்று நன்றாகக் கலக்கிற அறையில், இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் மிதப்பதில் பெரும்பகுதி போய்விடும். ஒரு டைமர் சுவிட்ச் போட்டால் மறக்காது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வந்து கயத்தாறு காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் மேல்காற்று, இரண்டு பக்கமும் திறந்த தகர ஷெட்டில் எந்த ஃபில்டரையும்விட நன்றாக வேலை செய்யும். மேற்கே திறப்பு, கிழக்கே எக்ஸாஸ்ட், அவ்வளவுதான், கிழக்கே வீடு இல்லாமல் இருந்தால். அந்த மாதங்களில் ஃபில்டரை ஓட்டினால் ரோட்டுப் புழுதியை வடிகட்டிக்கொண்டிருக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் அதே எக்ஸாஸ்ட் எதிர்காற்றில் திணறும், மழைக்காகக் கதவையும் சாத்திவிடுவோம். ஃபில்டர் உண்மையாகத் தேவைப்படுவது அப்போதும், சுவருக்கும் கூரைக்கும் நடுவே சந்தில்லாமல் கட்டிய பட்டறையிலும்தான். சந்து இருந்தால் ஃபில்டரை ஓட்டும் முன் அதை அடைத்துவிடுங்கள்.

பராமரிப்பில் பலர் செய்வது கம்ப்ரெஸர் ஹோஸை எடுத்து ஃபில்டரை ஊதுவது. ப்ரீஃபில்டரை வெளியே கொண்டுபோய்த் தட்டி, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டலாம். எஃப்7-ஐத் தொடக் கூடாது. ஊதினால் நார் கிழியும், கழுவினால் அதில் இருக்கிற மின்னேற்றம் போய்விடும், பிறகு நைஸ் பொடி தாராளமாகக் கடந்து போகும். அடைத்தால் மாற்றுவதுதான்.

டஸ்ட் கலெக்டரின் பை எப்போது அடைத்தது என்று தெரிந்துகொள்ள மட்டம் பார்க்க எல்லாரிடமும் இருக்கிற லெவல் டியூப் போதும். பைக்கு அருகே, காற்று உள்ளே இருக்கும் பக்கத்துத் தகரத்தில் சின்னத் துளை போட்டு டியூபின் ஒரு முனையைச் செருகுங்கள், நடுப்பகுதியை ‘யு’ வடிவில் பலகையில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். மெஷின் ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உயர வித்தியாசம் வரும். புதுப் பையோடு எத்தனை மி.மீ. என்று பலகையில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், அது இரண்டு மடங்கானால் பையைச் சுத்தம் செய்யும் நேரம்.

பாலிஷ், தின்னர் அடிக்கும்போது இந்த ஃபில்டரை நிறுத்திவிடுங்கள். ஆவியை இது பிடிக்காது, பிசுக்கு ஏறிப் பை நாசமாகும், மோட்டார்ப் பொறி தின்னர் ஆவியில் பட்டால் சொல்ல வேண்டியதே இல்லை. அப்போது எக்ஸாஸ்ட்தான், கதவு திறப்புதான். இரும்பு கிரைண்டரின் தீப்பொறி போகும் குழாயை மரத்தூள் கலெக்டரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள், பைக்குள் ஒரு பொறி போனால் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுகூட அது உள்ளேயே கனன்று பிடிக்கும். பிவிசி குழாய் போட்டிருந்தால் உள்ளே செம்புக் கம்பி ஓட்டி எர்த் கொடுங்கள். சேர்ந்த பொடியை மூடின சாக்கில் கட்டி வெளியே வையுங்கள். தேக்கு, வேம்புச் சுருளைக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம், எம்டிஎஃப் பொடியை மாட்டுத் தொழுவத்துக்கும் கோழிக் கூண்டுக்கும் கொடுத்துவிடாதீர்கள், அதில் பசையும் ஃபார்மால்டிஹைடும் இருக்கிறது.