குன்னூர்க் குளிரில் மிருதங்க வகுப்பு

ஐப்பசி மழையில் குன்னூரில் மிருதங்கத் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்து, சுருதி இறங்கிவிடும். பிள்ளைகள் வருவதற்கு அரை மணி முன்பே உறையைக் கழற்றி வைத்துவிடுவேன். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவிலுள்ள கரணை என்ற கறுப்புப் பூச்சு விரிசல் விடும். தம்பூராவோடு ஒத்துப் பார்த்து, சுருதி குறைந்த இடத்தில் விளிம்பின் மேல் புள் என்ற சிறு மரக்கட்டையை வைத்து, கல்லால் மெதுவாகக் கீழ்நோக்கித் தட்டுங்கள். ஒரே பக்கம் ஓங்கி அடிக்காமல் எதிரெதிராகத் தட்டிக்கொண்டே போவதுதான் சரி. அப்புறம் தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, ரவையைக் கொஞ்சம் கெட்டியாகவே குழைத்து அப்புங்கள்.

விரல் விறைத்த பிள்ளையை உடனே வாசிக்கச் சொல்லாதீர்கள். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, ஆதி தாளம் போட்டபடி 'த தி தொம் நம்' என்று வாயால் சொல்லட்டும். கை சூடானதும் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், வாசிக்கட்டும். நடுங்குகிற குழந்தையிடம் மூன்றாம் காலம் என்ற வேகமான வாசிப்பைக் கேட்பது எனக்குப் பிடிக்காது.